தரையில் ஒரு கால்

கிளப் தலைவர் கடைப்படி ஏறும்போதே பிரேம்கடைக்காரிக்கு எரிச்சல் வந்துவிட்டது. அந்த மனிதர் குளியலறை டைல்ஸ் வியாபாரி. யார் கடைக்குள் நுழைந்தாலும் முதலில் தரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். அன்றும் பிதுக்கினார். அதற்குப் பிறகுதான் ஞாபகம் வந்தவர்போல முகத்தைச் சோகமாக மாற்றிக்கொண்டு, கைபேசியை எடுத்துக் கண்ணாடி வெட்டும் மேசைமேல் வைத்தார்.

“நம்ம வாத்தோட படம்மா. பெருசாப் பண்ணி, தங்கக் கலர்ல நல்ல கெட்டியான பிரேமாப் போட்டுரு. ஞாயித்துக்கிழமை காலைல ஹால்ல கூட்டம். நாந்தான் திறந்து வைக்கிறேன்.”

வாத்து என்பது படத்தில் இருந்தவருக்குக் கிளப்பில் வைத்த பெயர். லிஃப்ட் மெக்கானிக், நெடுந்தூர நடைப்போட்டிக்காரர். இடுப்பை வெட்டி வெட்டி ஒருவர் நடுரோட்டில் விறுவிறுவென்று போனால் பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும். வந்தால் வரட்டும் என்று, தலை கறுப்பாக இருந்த நாளிலிருந்து முழுசாக நரைக்கும்வரை ஒரே கிளப்புக்காக நடந்தவர். போன மாதம் கணையத்தில் வந்த நோய் அவரைக் கொண்டுபோய்விட்டது. கிளப்பில் மற்றவர்கள் எல்லாரும் ஓட்டக்காரர்கள். நடைக்கு இருந்தது இரண்டே பேர். அவர் முன்னால், பிரேம்கடைக்காரி பின்னால். இனிமேல் அவள் ஒருத்திதான்.

அவள் படத்தைப் பார்த்தாள். நீர்த்தேக்கத்துச் சாலை வளைவில் எடுத்தது. பந்தயம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் எடுத்திருக்க வேண்டும், ஓரத்தில் இன்னும் கூட்டம் நிற்கிறது. அவள் அண்ணன் என்று கூப்பிடுகிற அந்த மனிதர் நடுவில் வருகிறார். முழங்கை மடங்கி, நெஞ்சு நிமிர்ந்து, முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அவள் பார்வை வழக்கம்போலக் கீழே போனது. நடைக்காரர்கள் படத்தில் முதலில் பார்ப்பது முகத்தை அல்ல.

“தலைவரே, இந்தப் படம் வேண்டாம்.”

“ஏன்? பறக்குற மாதிரி இருக்காருல்ல? பொருளாளர்கூட பாத்துட்டு அதத்தான் சொன்னாரு.”

“அதான் வேண்டாங்கறேன். ரெண்டு காலும் தரையில இல்ல.”

தலைவர் குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு, இதில் என்ன என்பதுபோல நிமிர்ந்தார். அவருக்கு எங்கே புரியப் போகிறது. ஓட்டக்காரருக்குப் பறப்பது பெருமை. நடைப்போட்டியில் அது திருட்டு. எந்த நேரமும் ஒரு கால் தரையில் இருந்தாக வேண்டும் என்பதுதான் அந்தப் பந்தயத்தின் உயிரே. இரண்டும் தரையை விட்டால் ஓட்டம். நடக்கிறேன் என்று பெயர் கொடுத்துவிட்டு ஓடுகிறவனைப் பிடிக்கத்தான் சாலை நெடுக நடுவர்களை நிறுத்துகிறார்கள். மூன்று நடுவர்கள் சிவப்பு அட்டை எழுதிவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வீடு போய்ச் சேர வேண்டியதுதான்.

“கண்ணுக்குத் தெரிஞ்சாத்தானம்மா தப்பு? போட்டோவ வெச்சு யாரும் அட்டை எழுத முடியாதுன்னு வாத்தே சொல்லிருக்காரே.”

“எழுத முடியாதுதான். சுவத்துல மாட்டுனா கண்ணுக்குத் தெரியுமில்ல? வர்றவன் போறவன் எல்லாம் பாப்பான். மத்த கிளப்காரன் பாத்து, ‘ஓகோ, உங்காளு இப்பிடித்தான் நடந்தாரா’ன்னு கேப்பான். செத்த மனுசன் எந்திரிச்சு வந்து பதில் சொல்லுவாரா?”

“ஒண்ணுமில்லாததைப் போயி ஊதிப் பெருசாக்காத. வேற படம் இருந்தா போடு, நான் வேண்டாங்கல. இல்லேன்னா இதான்.”

போகும்போது மறுபடி தரையைப் பார்த்து, “இங்க வழவழன்னு வெள்ளை டைல்ஸ் போட்டா கடை பளிச்சுன்னு இருக்கும்மா,” என்றார். கண்ணாடி வெட்டும் வைரமுனையைக் கையில் வைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் இப்படிப் பேசிவிட்டு முழுசாக வெளியே போனது அவர் செய்த புண்ணியம்.

அன்று மதியமே அவள் கடையைச் சாத்திவிட்டு கிளப் ஹாலுக்குப் போய் அலமாரியைத் திறந்தாள். வருடா வருடம் எடுத்த படங்கள் ஆல்பம் ஆல்பமாக இருந்தன. தலைவர் நாடாவை மார்பால் அறுக்கிற படம் மட்டும் ஒரு ஆல்பம் தேறும். கோப்பையோடு தலைவர், கோப்பையை முத்தமிடுகிற தலைவர், கோப்பைக்குள் தலையைவிட்டுப் பார்க்கிற தலைவர். அண்ணனும் இருந்தார், இல்லாமல் இல்லை. யாருடைய பையையோ தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு போனார். யாருக்கோ கால் பிடித்துவிட்டார். குழுப்படத்தில் கடைசி வரிசையில், முன்னால் நிற்பவனின் காதுக்குப் பின்னால் பாதி நெற்றியாகத் தெரிந்தார். அவர் நடக்கிற படம் ஒன்றுகூட இல்லை.

ஏன் இல்லை என்பது அவளுக்குத் தெரியாதா என்ன. நடைதான் எல்லாவற்றிலும் நீளமான போட்டி. ஓட்டங்கள் எல்லாம் முடிந்து, பரிசு கொடுத்து, கைதட்டி, டீ குடித்து, வேன் ஏறி எல்லாரும் போன பிறகும் நடைக்காரர்கள் சாலையில்தான் இருப்பார்கள். அவர்கள் வந்து சேரும்போது முடிவுக்கோட்டு வளைவைக் கழற்றியிருப்பார்கள். மேசைகள் மடங்கியிருக்கும். படமெடுக்கிறவன் எப்போதோ போயிருப்பான். அண்ணன் வெயிலில் வெந்து வந்து சேர்ந்து, மூச்சு வாங்குகிற வாங்கலோடு திரும்பி நின்று, பின்னால் வருகிற பிரேம்கடைக்காரிக்காக ஒற்றை ஆளாகக் கைதட்டுவார். “வா தாயி, வா, முழங்கால மடக்காத, வந்துட்ட!” என்று அவர் போடுகிற சத்தத்துக்கு நாய்கள் திரும்பிப் பார்க்கும். அதன்பின் இரண்டு பேருமாகச் சேர்ந்து மிச்ச மேசைகளை வண்டியில் ஏற்றுவார்கள். அவள் எந்தக் கையால் படமெடுப்பாள்? பந்தயம் முழுக்க அவள் பார்த்ததெல்லாம் அவர் முதுகைத்தான்.

இத்தனைக்கும் வேறு கிளப் ஒன்று அவரை வா வா என்று கூப்பிட்டது. பயிற்சியாளர் உண்டு, காலுக்கு நல்ல ஷூ உண்டு, போகவர வண்டி உண்டு. “நான் போனா நம்ம கிளப்புக்கு நடைல புள்ளி யாரு எடுப்பா?” என்று கேட்டுவிட்டு இங்கேயே இருந்தார். அந்தப் புள்ளியைச் சேர்த்துத்தான் தலைவர் தலையை விட்டுப் பார்த்த கோப்பைகள் எல்லாம் வந்தன. அதை மேடையில் ஒருவரும் ஒருநாளும் சொன்னதில்லை. ஆல்பத்தை அவள் மூடிய சத்தத்தில் பக்கத்து அறையில் இருந்த வாட்ச்மேன் ஓடிவந்து பார்த்தார்.

கடைக்குத் திரும்பி, அந்த ஒரே படத்தைக் கணினியில் போட்டுப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். எங்கேயாவது குதிகாலின் ஒரு ஓரமாவது தரையைத் தொட்டுக்கொண்டிருக்காதா என்று கண்ணை இடுக்கிப் பார்த்தாள். தொடவில்லை. ஷூவுக்கும் சாலைக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. அப்போதுதான் அந்த எண்ணம் அவளுக்குள் நுழைந்தது. அண்ணன் இப்படித்தான் நடந்தாரா? பின்னால் வந்தவளுக்குத் தெரியாமல் போய்விட்டதா? எண்ணம் வந்த வேகத்தில் அவள்மேல் அவளுக்கே ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்தை உடனே தூக்கித் தலைவர்மேல் போட்டாள். அது வசதியாகவும் இருந்தது.

மறுநாள் அண்ணன் வீட்டுக்குப் போனாள். மூன்றாவது மாடி. அண்ணி அவருடைய சட்டைகளைக் கொடுப்பதற்கென்று மடித்துக் கட்டிலில் அடுக்கிக்கொண்டிருந்தாள். முட்டிபோட்டு வேலை செய்து தேய்ந்த கால்சட்டைகள் தனியாக இருந்தன.

“அண்ணி, அண்ணன் நடக்கற மாதிரி படம் எதாவது உங்ககிட்ட இருக்கா?”

“எங்கிட்ட ஏது? நான் ஒரு தடவைதான் பாக்கப் போனேன். கல்யாணமான புதுசு. ஓரத்துல நின்னவன் எல்லாம் இவரு இடுப்பக் காட்டிக் காட்டி சிரிச்சான். எனக்கு அப்பிடியே பூமிக்குள்ள போயிரலாம் போல இருந்துச்சு. வீட்டுக்கு வந்து சண்டை போட்டேன். ‘சரி, நீ வராத, உனக்கு எதுக்கு சங்கடம்’னு சொல்லிட்டாரு. அதோட சரி.”

“ஒரு தடவகூடவா திரும்பிப் பாக்கணும்னு தோணல?”

கேட்ட தொனி கொஞ்சம் அதிகம்தான். அண்ணியின் கை நின்றது.

“ஏன், கிளப்புல அத்தன பேரு இருந்தீங்களே, நீங்கள்லாம் பாத்துக் கிழிச்சீங்களா?” என்றாள் அண்ணி.

பிரேம்கடைக்காரிக்கு முகத்தில் அறைந்தமாதிரி இருந்தது. பேச்சை மாற்றக் கைபேசியைத் திறந்து அந்தப் படத்தைக் காட்டினாள். “தலைவர் இதத்தான் மாட்டணுங்கறாரு. எனக்குப் பிடிக்கல,” என்றாள். அண்ணி அதை வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் போனாள். வெகுநேரம் பார்த்தாள்.

“எவ்வளவு தெம்பா இருக்காரு. ஆஸ்பத்திரில பாத்த முகமே கண்ணுல நிக்குது எனக்கு. இதையே போடு.”

“இதுல கால் ரெண்டும்...”

“காலுக்கு என்ன? நல்லாத்தானே இருக்கு. இதையே போடு.”

மேற்கொண்டு என்ன பேசுவாள். உன் புருஷன் இதில் திருடனாகத் தெரிகிறார் என்று, அவர் சட்டையைக் கையில் வைத்திருக்கிறவளிடம் சொல்ல முடியுமா? படியிறங்கி வந்தாள். இறங்குகிற ஒவ்வொரு படியிலும் யாரையாவது திட்டினாள். தலைவரை, பொருளாளரை, படமெடுத்தவனை, ஏன் இப்படிச் சிரித்துத் தொலைத்தீர்கள் என்று அண்ணனையும்கூட.

ஞாயிற்றுக்கிழமை காலை ஹால் நிரம்பிவிட்டது. அண்ணன் உயிரோடு இருந்தபோது அவருக்காக ஒருநாளும் காத்திருக்காதவர்கள் எல்லாரும் சரியான நேரத்துக்கு வந்து நாற்காலி பிடித்திருந்தார்கள். முன்வரிசையில் அண்ணி. தலைவர் ஒலிபெருக்கியைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார். வாத்து தங்கமான மனுசன். வாத்து வாய் திறந்து எதுவும் கேட்டதே இல்லை. வாத்து நம் எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்தவர். வாத்து இடுப்பை ஆட்டிக்கொண்டு வருவதைப் பார்த்தாலே நமக்கெல்லாம் களைப்புப் போய்விடும். ஹால் சிரித்தது. பாசமான சிரிப்புதான். அதுதான் பிரேம்கடைக்காரிக்குத் தாங்கவில்லை. ஒரு மனிதன் ஆயுசு முழுக்கக் கற்ற வித்தையை இவர்கள் வேடிக்கையாகவே ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

தலைவர் துணியை இழுத்தார். தங்க நிறச் சட்டத்துக்குள் அண்ணன் சிரித்தார். நெஞ்சு இருந்தது, மடங்கிய முழங்கைகள் இருந்தன, இடுப்பும் இருந்தது. தொடைக்குக் கீழே ஒன்றுமில்லை. படத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே வைக்கிற வெள்ளை அட்டையை அவள் கீழ்ப்பக்கம் மட்டும் அகலமாக வெட்டி, கால்களை முழுசாக மூடியிருந்தாள்.

ஹாலில் சலசலப்பு எழுந்தது. “என்னம்மா இது?” என்றார் தலைவர். அண்ணி திரும்பிப் பார்த்து மெல்லக் கேட்டாள்: “அவரு கால் எங்க?”

அவ்வளவுதான், அடைத்து வைத்ததெல்லாம் உடைத்துக்கொண்டு வந்தது.

“கால் எதுக்கு உங்களுக்கெல்லாம்? இருந்தப்ப எவன் பாத்தீங்க அந்தக் கால? தலைவரே, நீங்க சொல்லுங்க, அவரு ஒரு பந்தயம் முடிச்சு வந்து நின்னத பாத்திருக்கீங்களா? நாடாவச் சுருட்டி எடுத்துட்டுப் போயிருவீங்க. அந்தாளு வெறும் ரோட்டுல வந்து முடிப்பாரு. முடிச்சு, நீங்க போட்டுட்டுப் போன மேசையத் தூக்குவாரு. தண்ணி குடுத்தாராம் தண்ணி! அவருக்கு எவனாவது ஒரு வாய் தண்ணி வெச்சுட்டுப் போனீங்களா? இத்தன வருசத்துல அவரு நடக்கறது ஒரே ஒரு படம். அதுலயும் ரெண்டு காலும் அந்தரத்துல. அதக் கொண்டாந்து, பறக்குறாரு பறக்குறாருன்னு கூத்தாடறீங்க. நடைக்காரனுக்கு அது அவமானம். தெரியுமா உங்களுக்கு? தெரியாது. அதான் மூடுனேன். இப்பிடியே இருக்கட்டும்.”

தலைவர் ஒலிபெருக்கியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். பொருளாளர் தன் ஷூவைப் பார்த்தார். “இப்ப எதுக்கும்மா இதெல்லாம், அவங்க வீட்டம்மாவ வெச்சுக்கிட்டு,” என்று யாரோ முனகினார்கள்.

“அந்த அட்டைய எடுங்க. நான் பாக்கணும்,” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

எல்லாரும் திரும்பினார்கள். சிவப்பட்டை. நடுவரம்மாவுக்கு நடைக்காரர்கள் வைத்த பெயர் அது. பிழைப்புக்கு டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அடுத்தவர் கால் என்ன செய்கிறது என்று பார்ப்பதே தொழில். பந்தயத்தன்று அதையே சாலையோரம் நின்று, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செய்வார். அந்த அம்மாவிடம் சிவப்பு வாங்காத நடைக்காரர் சுற்றுவட்டாரத்தில் அபூர்வம். பிரேம்கடைக்காரிக்கே இரண்டு தடவை எழுதியிருக்கிறார். அவரை யாரும் கூட்டத்துக்கு அழைக்கவில்லை. தானாகவே வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

இவரிடமா காட்டுவது என்று பிரேம்கடைக்காரி படத்துக்கு முன்னால் வந்து நின்றாள். மாட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். அதற்குள் அண்ணி, “எடும்மா,” என்றாள். வேறு வழியில்லை. படத்தை மேசைமேல் கவிழ்த்து, பின்பலகையின் ஆணிகளை நெம்பி, வெள்ளை அட்டையை உருவினாள். அண்ணனுக்குக் கால்கள் வந்தன. தரைக்கு மேலே, அப்பட்டமாக.

நடுவரம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

“இது நீர்த்தேக்கத்து வளைவு. இந்தா, ஓரத்துல பாதியாத் தெரியுதே, என் குடை. நான்தான் அங்க நின்னேன். அன்னிக்கி அந்த வளைவுல நெறைய பேருக்கு சிவப்பு எழுதினேன். இறக்கம், எல்லாருக்கும் கால் ஓடப் பாக்கும். இவரு ஒவ்வொரு சுத்துக்கும் என்னத் தாண்டித்தான் போனாரு. இவருக்கு எச்சரிக்கைக்குன்னு ஒரு மஞ்சள்கூடக் காட்டல.”

“ஆனா போட்டோல தெரியுதே மேடம்?” என்றார் தலைவர். அவருக்கு இப்போதுதான் புரிய ஆரம்பித்திருந்தது, அதுவும் தப்பாக.

“கேமராவுக்கு எல்லாருமே திருடந்தான் சார். உலகத்துல பெரிய பெரிய நடைக்காரனப் புடிச்சாலும் இப்பிடித்தான் விழும். கண் சிமிட்டற நேரத்துல நூத்துல ஒரு பங்க எடுத்து வெச்சுக்கிட்டு அதையே முழுசுன்னு சொல்லுது அது. அதனாலதான் மனுசக் கண்ணு பாக்கணும்னு எங்கள வெயில்ல நிறுத்தறாங்க. கடைசி ஆள் வந்து சேர்ற வரைக்கும் நாங்க போகக்கூடாது. நான் போகல. அவரு மொத அடியும் பாத்தேன், கடைசி அடியும் பாத்தேன். சுத்தமான நடை.”

அப்புறம் அவர் பிரேம்கடைக்காரி பக்கம் திரும்பினார். குரலில் கோபம் எதுவும் இல்லை; தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

“சந்தேகப்படறதுக்குன்னே நிக்கற ஆளு நான். எனக்கே வரல. கூடவே நடந்த உங்களுக்கு எப்பிடிம்மா வந்துச்சு?”

பிரேம்கடைக்காரி வாயைத் திறந்தாள். ஊர் என்ன சொல்லும் என்றுதான் மூடினேன், எனக்குச் சந்தேகம் இல்லை என்று சொல்ல வந்தாள். கணினியில் அத்தனை தடவை பெரிதாக்கிப் பார்த்தது ஊரா? இந்த ஹாலில் இருந்த அத்தனை பேரும் அவரைக் கவனிக்காமல் விட்டவர்கள். கவனித்துப் பார்த்து, தப்பு என்று எழுதியது அவள் ஒருத்திதான். உருவின வெள்ளை அட்டை இன்னும் அவள் கையில் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

அண்ணி எழுந்து மேசையருகே வந்தாள். படத்தில் அவர் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரித்தவர்களைப் பார்த்துக் கூசிப்போய், வாழ்நாளில் பார்க்காமலே விட்ட கால்கள்.

“அவரு நல்லா நடப்பாரா?” என்று கேட்டாள்.

இத்தனை வருடம் அவர் பின்னாலேயே நடந்த பிரேம்கடைக்காரிக்கு அதற்கு ஒரு நாள் முழுக்கச் சொல்லப் பதில் இருந்தது. ஆனால் அண்ணி அதை அவளிடம் கேட்கவில்லை. நடுவரம்மாவிடம் கேட்டாள்.